பெரிய எழுத்தே இல்லாத மொழிக்கு மூன்று பெரிய எழுத்து விசைகள்

எழுதுகிறவனுக்கு மொழி போதும், கருவியைப் பற்றிய பேச்செல்லாம் கணினிக்காரர்களுக்கு உரியது என்ற வாக்கியத்தை இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளைகளில் தவறாமல் கேட்டு வருகிறோம். சொல்பவர் பெரும்பாலும் நல்ல எழுத்தாளராகவே இருப்பார். தன் கதையில் ஒரு காற்புள்ளி இடம் மாறி அச்சாகிவிட்டால் பதிப்பாளரைத் தொலைபேசியில் வாட்டி எடுப்பவர். அட்டையின் நிறம் பிடிக்காமல் ஆறு மாதம் புத்தகத்தை நிறுத்தி வைப்பவர். அப்பேர்ப்பட்டவர், நாள்தோறும் மூன்று நான்கு மணிநேரம் தன் விரல்கள் எந்த ஒழுங்கில் அசைய வேண்டும் என்பதை மட்டும், தமிழை மனத்தில் கொள்ளாத சிலர் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் முடிவுசெய்து வைத்தபடியே ஏற்றுக்கொள்கிறார். இதற்கு எளிமை என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். சோம்பல் என்பதே பொருத்தமான பெயர். கொஞ்சம் கடுமையாகச் சொல்வதானால், சரணாகதி.

நாங்கள் பேச வந்தது உரைத்தொகுப்பான்களின் குறுக்குவிசைகளைப் பற்றி. கண்ட்ரோலோடு எஸ் சேர்த்து அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும், சி சேர்த்து அழுத்தினால் நகலெடுக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியல் கல்வெட்டு அன்று, எவரும் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் செய்வதில்லை. ஈமாக்ஸுக்கும் விம்முக்கும் இது பிறவிக் குணம். நோட்பேட் பிளஸ் பிளஸில் விசைகளை மாற்றுவதற்கென்றே ஒரு சாளரம் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட், லிப்ரே ஆஃபீஸ் ஆகியவற்றிலும் உண்டு. ஏன், நம்மவர்களில் பாதிப்பேர் நாவல் எழுதும் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும், பட்டியல்களுக்கு அடியில் புதைந்து கிடந்தாலும், அந்த வசதி இருக்கிறது. ஒரு வேலையைப் பதிவுசெய்து வைத்து ஒரே விசையில் திரும்பச் செய்விக்கும் மேக்ரோவும் இவற்றில் பலவற்றில் கிடைக்கும்.

விசைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறினால் அவற்றின்மீதுள்ள பயபக்தி தானே கரைந்துவிடும். விம்மின் முன்னோடியான வீஐயை 1976இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதினார். அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் விம் பயில்கிறவர்கள் கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துகளை ஏதோ மந்திரம்போல மனனம் செய்கிறார்களே, அதன் ரகசியம் இவ்வளவுதான். எஸ்கேப் விசையோ அந்த முனையத்தில், இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. எழுதி முடித்துக் கட்டளைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எஸ்கேப்பை அழுத்த வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே நியாயமானது. பின்னர் விசை மூலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது; ஏற்பாடு குடிபெயரவில்லை.

ஈமாக்ஸின் கதையும் அதுவே. அது வளர்ந்த லிஸ்ப் இயந்திரங்களின் விசைப்பலகையில் கண்ட்ரோல், இடைவெளி விசைக்குப் பக்கத்தில், கட்டைவிரலின் ஆளுகைக்குள் இருந்தது. இன்றைய பலகைகள் பெரும்பாலானவற்றில் அது கீழ்மூலையில் கிடக்கிறது. ஈமாக்ஸ் சுண்டுவிரல் என்று ஒரு வலிக்கே பெயர் வைக்கும் அளவுக்கு அந்த மூலை பலரைப் படுத்தியிருக்கிறது. வெட்டவும் நகலெடுக்கவும் ஒட்டவும் நாம் அழுத்தும் எக்ஸ், சி, வி என்ற அண்டைவீட்டு விசைகள் ஆப்பிளின் லிசா கணினியில் (1983) அமைந்தவை. அந்தச் செயல்களின் மூலவரோ 1970களின் நடுவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜிப்ஸி என்ற உரைத்தொகுப்பானைச் செய்த லாரி டெஸ்லரும் டிம் மோட்டும். அதே வேலைகளுக்கு ஐபிஎம் 1987இல் வகுத்த விதிகளில் வேறு விசைகள்: ஷிஃப்டும் டெலீட்டும் சேர்ந்தால் வெட்டு, ஷிஃப்டும் இன்சர்ட்டும் சேர்ந்தால் ஒட்டு. இன்றைய விண்டோஸிலும் அவை வேலை செய்கின்றன, அழுத்திப் பார்க்கலாம்.

இவர்களில் யார்மீதும் எங்களுக்குக் குறையில்லை. தன் கைக்கு முன்னால் இருந்த பலகையில், தன் வேலைக்கு ஏற்ற விசைகளை அவரவர் வகுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலைப் பின்பற்றாமல் அதன் விளைவை மட்டும் பின்பற்றுவதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

தமிழர்களுக்கு இந்தத் துணிச்சல் அடியோடு இல்லாமல் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி ஒரு நகரா விசை. முதலில் புள்ளியைத் தட்டினால் உருளை நகராது; அடுத்து எழுத்தைத் தட்டும்போது அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி விசை வைக்க இடமில்லாத நெருக்கடியில் ஒருவர் யோசித்துக் கண்ட வழி அது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இன்னும் ஒரு படி மேலே போனது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த என்று இன எழுத்து தொடர்ந்தாலும் அப்படியே. பக்கம், தங்கம், பந்து ஆகிய எதற்கும் புள்ளி விசையைத் தேடிப் போக வேண்டாம். தமிழ்ச் சொற்களில் எழுத்துகள் எப்படிக் கூடிவருகின்றன என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் செய்த வேலை என்பது முதல் பத்தியைத் தட்டும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த யோசனை தட்டச்சோடு நின்றுபோயிற்று. எழுத்தை உள்ளே அனுப்பும் விசைகளைத் தமிழாக்கிக்கொண்டோம். அனுப்பிய எழுத்தைத் திருத்தும் விசைகளை ஆங்கிலத்திடமே விட்டுவிட்டோம். எழுதுவது என்பது முக்கால்வாசி திருத்துவதுதான் என்று மேடையில் முழங்குகிறவர்களும் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, ஈமாக்ஸில் ஆல்ட் விசையோடு யூ, எல், சி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்று ஆங்கிலச் சொல்லை முழுதும் பெரிய எழுத்தாக்கும். ஒன்று சிறிய எழுத்தாக்கும். இன்னொன்று முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கும். விரலுக்கு எளிதில் எட்டும் மூன்று விசைகள். தமிழ்ச் சொல்லின்மேல் இவற்றை அழுத்தினால் கர்சர் சொல்லின் கடைசிக்கு நகர்வதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை, ஏனென்றால் நம்மிடம் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. விம்மில் அலைக்குறி விசைக்கு இதே வேலை. வேர்டில் ஷிஃப்டும் எஃப் மூன்றும் இதே வேலை. தமிழில் மட்டுமே எழுதும் ஒருவரின் விசைப்பலகையில் இவையெல்லாம் புறம்போக்கு நிலம். வேலி கிடையாது, பட்டா கேட்டு எவரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஒரு முருங்கைக் குச்சியைக்கூட நட மாட்டோம் என்கிறோம்.

அங்கே நடுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஒற்றில் தொடங்கி விடை சொல்லலாம்.

'அவனைக் கண்டேன்' என்று ஒரு வாக்கியம் எழுதுகிறோம். மறுநாள் வாசிக்கையில் 'கண்டேன்' சப்பென்று இருக்கிறது, 'பார்த்தேன்' என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லை இன்னொன்றால் மாற்றினால் வேலை அத்தோடு முடிந்தது. (அங்கும் சில பெயர்ச்சொற்களுக்கு முன்னால் 'ஏ', 'ஆன்' என்ற சிறு தொல்லை உண்டு, அது கடுகளவு.) தமிழில் முடிவதில்லை. முந்தைய சொல்லின் வாலில் இருந்த 'க்' போய் 'ப்' வரவேண்டும். 'அறிந்தேன்' என்று மாற்றினால் ஒற்றே கூடாது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் 'நேற்று' என்று ஒன்றைச் செருகினாலும் கூடாது. ஒரு காற்புள்ளி போட்டாலும் கூடாது. ஆக, தமிழில் ஒரு சொல்லைத் தொட்டால் பல சமயம் அதற்கு முந்தைய சொல்லையும் தொட்டாக வேண்டும். இது விதிவிலக்கு அன்று. உரைநடையைத் திருத்தி உட்காரும் ஒரு காலைப்பொழுதில் நூறு முறை நிகழ்வது. ஒவ்வொரு முறையும் கர்சரைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், ஓர் இடைவெளி பின்னால் தள்ளி, பழைய மெய்யை அழித்து (பெரும்பாலான இடங்களில் பேக்ஸ்பேஸின் முதல் தட்டுக்குப் புள்ளி மட்டும் போகும், இரண்டாம் தட்டுக்குத்தான் எழுத்து போகும்), புது மெய்யை இட்டு, திரும்பி வருகிறோம். தமிழ்99இன் தானியங்கிப் புள்ளியும் இங்கே கைகொடுப்பதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்த இடத்தில் அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விசை வேண்டும். அந்த விசை செய்யவேண்டியது மிகச் சிறிய வேலை. கர்சர் நிற்கும் சொல்லின் முதலெழுத்தைப் பார்ப்பது. முந்தைய சொல்லின் கடைசியில் க், ச், த், ப் என்ற நான்கில் ஒன்று நின்றால் அதை எடுத்துவிடுவது. பார்த்த எழுத்து க, ச, த, ப வரிசைகளில் ஒன்றைச் சேர்ந்ததாயின் அதன் மெய்யை அங்கே வைப்பது. ஈமாக்ஸின் லிஸ்ப் மொழியில் இது பத்துப் பன்னிரண்டு வரிக்குமேல் போகாது. அதை ஆல்ட்-யூவில் வைத்தால் பெரிய எழுத்துப் புறம்போக்கில் முதல் பட்டா கிடைத்துவிடுகிறது.

வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று இந்த விசைக்குத் தெரியுமா என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் உடனே மடக்குவார்கள். தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. மிகும் என்று தீர்மானித்தபின் அழுத்துவது எழுதுகிறவர். தீர்மானம் தலையிலும் உழைப்பு விசையிலும் இருக்கவேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வருவது. நாவி போன்ற சந்தித் திருத்திகள் இன்று இருக்கின்றன, நன்றாகவே உதவுகின்றன, மறுக்கவில்லை. அவை எழுதி முடித்தபின் மொத்தப் பக்கத்தையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. பாத்திரத்தின் பேச்சில் வேண்டுமென்றே ஒற்றை விட்ட இடமும், கவனக்குறைவால் விட்ட இடமும் விதியின் கண்ணுக்கு ஒன்றுதான். விசை அப்படிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது பார்ப்பதே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். க், ச், த், ப் என்ற மெய்களில் முடியும் தனித்த தமிழ்ச் சொல் கிடையாது. (பிளாஸ்டிக், டிஸ்க் என்று கடன் வாங்கியவற்றைத் தள்ளிவிடுங்கள்.) ஆகவே ஒரு சொல் இந்த நான்கில் முடிந்து, அடுத்த சொல் அதே வரிசையின் எழுத்தில் தொடங்காவிட்டால் அது ஏறத்தாழ எப்போதும் பழைய திருத்தத்தின் எச்சம். 'அவனைக் பார்த்தேன்' என்பதுபோன்ற எச்சங்கள் அச்சான நாவல்களிலேயே பல்லிளிப்பதைப் பார்த்திருக்கிறோம். மெய்ப்புத் திருத்துபவரைத் திட்டுகிறோம். அந்தப் பிழை எழுத்தாளரின் மேசையில் ஒரு வினைச்சொல் மாறிய நொடியில் பிறந்தது. ஒழுங்குக்கோவைத் தேடல் உள்ள எந்த உரைத்தொகுப்பானிலும் இந்த எச்சங்களை ஒரே தேடலில் வரிசையாகப் பிடிக்கலாம். அந்தத் தேடலை ஒரு விசையில் கட்டிவைக்கலாம். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் முன்னால் தனித்து நிற்கும் ஒற்றுகளும் இதே வலையில் விழும்.

இரண்டாவது, லகர ளகர ழகரங்கள். ரகர றகரமும், நகர னகர ணகரமும் இதே சாதி. இவற்றில் பிழை செய்யாதவர் யார் என்று கேட்கமாட்டோம். ஒலிப்பெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு ஷிஃப்ட் ஒரு கணம் பிந்தினாலே ள-வின் இடத்தில் ல வந்துவிடுகிறது, இலக்கண அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'வெளியே' என்பது 'வெலியே' ஆகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? உயிர்க்குறியோடு சேர்த்து லி-யை முழுவதும் அழித்துவிட்டு, ளி-யை முதலிலிருந்து தட்டுகிறோம். தேவையே இல்லை. யூனிகோடில் லகரம் தனி, இகரக் குறி தனி. மெய்யை மட்டும் மாற்றினால் குறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். லி ளி-யாகும், லோ ளோ-வாகும். ஆகவே கர்சருக்குக் கீழுள்ள லகரத்தை ளகரமாக்கி, இன்னொரு முறை அழுத்தினால் ழகரமாக்கி, மூன்றாம் முறை லகரத்துக்கே திருப்பும் ஒரு விசை வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலக்காரருக்குச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் எப்படியோ, நமக்கு இந்த மூன்றும் அப்படி: பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, விரல் தடுமாறினால் ஒன்று இன்னொன்றாவது. விம்மின் அலைக்குறி விசைக்கு இதைவிடப் பொருத்தமான மறுவாழ்வு எங்களுக்குத் தோன்றவில்லை.

வாக்கியம் தாவும் விசைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஈமாக்ஸில் ஆல்ட்-ஈ அழுத்தினால் வாக்கிய முடிவுக்குப் போகும் என்பார்கள், தமிழில் அழுத்தினால் பத்தியின் கடைசிக்கே ஓடிவிடும். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடும் அமெரிக்கத் தட்டச்சர்களின் வழக்கத்தை அது வாக்கியத்தின் இலக்கணமாகக் கொண்டிருப்பதுதான் காரணம். அமைப்புக் கோப்பில் ஒரே வரியால் அதை ஓர் இடைவெளிக்குப் பழக்கிவிடலாம். அந்த ஒரு வரியைத் தேடாமல் ஈமாக்ஸ் தமிழுக்கு ஆகாது என்று தீர்ப்பெழுதியவர்களை நாங்கள் அறிவோம்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைக் கேட்கவேண்டும். ஆளாளுக்கு விசையை மாற்றிக்கொண்டால் ஒருவர் கணினியில் இன்னொருவர் உட்கார முடியாதே என்பது அது. கற்பனை அன்று, நடந்தது. 1970களில் எம்ஐடியின் செயற்கை அறிவுக் கூடத்தில் டெக்கோ என்ற உரைத்தொகுப்பானுக்கு ஒவ்வொருவரும் தனக்கென மேக்ரோக்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் அடுத்தவர் முனையத்தில் ஒரு வரியைத் திருத்தவும் முடியாத நிலை வந்தது. அவற்றை ஒன்றிணைக்க கை ஸ்டீல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1976இல் முன்னெடுத்து முடித்ததே ஈமாக்ஸ். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை எதிர்த்தரப்பினர் சொல்வதில்லை. குழப்பத்திலிருந்து பாடம் கற்றவர்கள் மாற்றும் உரிமையைப் பறிக்கவில்லை. ஒரு பொது வழக்கை வைத்துவிட்டு, அதன்மேல் மாற்றிக்கொள்ளும் வழியை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். 1981இல் ஸ்டால்மன் எழுதிய கட்டுரையின் தலைப்பே அது விரிவாக்கவும் மாற்றியமைக்கவும் தக்க உரைத்தொகுப்பான் என்றுதான் அறிவித்தது. தவிர, அந்தக் கூடத்தில் முனையங்கள் பொதுச்சொத்து. நம் எழுத்தாளர் தன் மடிக்கணினியை மனைவியிடம்கூடக் கொடுப்பதில்லை. அவருக்கு எதற்கு அடுத்தவர் முனையத்தைப் பற்றிய கவலை? அப்படியே வேறு கணினிக்குப் போனாலும், விம்மிலும் ஈமாக்ஸிலும் எல்லாம் சில கிலோபைட் அளவுள்ள ஓர் உரைக்கோப்பு. மின்னஞ்சலில் கூடவே போகும்.

ஆங்கிலத்தில் எழுதும் சிலரின் பிடிவாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. வேர்ட்ஸ்டார் 1978இல் வந்தது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஈ, எஸ், டி, எக்ஸ் என்ற வைர வடிவ நான்கு விசைகளால் கர்சரை நான்கு திசைக்கும் ஓட்டலாம். இரண்டு கையும் எழுத்து விசைகளை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் பெருநாவல்களை டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0இல் எழுதுவதாக 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். கனடாவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயரோ அதற்காக நெடுங்காலம் வாதாடி, 2024இல் வேர்ட்ஸ்டார் 7ஐத் தொகுத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள இணையத்தில் வைத்தார். அவருடைய வாதத்தில் ஓர் இடம் எங்களுக்கு மிகவும் உவப்பானது. ஒரு பகுதியை நகர்த்த நினைத்தால் அதன் தொடக்கத்தில் அடையாளம் இட்டுவிட்டு, வேறெங்கோ போய் வேறெதையோ திருத்திவிட்டு, பிறகு வந்து முடிவில் அடையாளம் இடலாம். கையெழுத்துப் படியில் ஓரக்குறி இடுவதைப்போல. மவுஸால் தேர்ந்தெடுக்கும் முறையில் கர்சர் அசைந்தால் தேர்வு கலைந்துவிடும். ஓர் எழுத்தாளர் தன் கையைக் கவனித்துச் சொன்ன சொல் அது. பழைமையில் அப்படியே உறைந்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தன் கை என்ன செய்கிறது என்று அவர்கள் கவனித்த அளவுக்கு நாம் கவனிக்கவில்லை என்கிறோம்.

மறுகோடியில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பாரபட்சமானதாகிவிடும். ஈராயிரம் வரியில் அமைப்புக் கோப்பு வைத்திருப்பார்கள். வண்ணங்களை வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். யாரோ ஒருவருடைய கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு அதிலுள்ள விசைகளில் இருபதைக்கூட அறியாமல் அதன் பெருமை பேசுவார்கள். ஒரு சிறுகதை எங்கே என்று கேட்டால் எழுதும் சூழல் இன்னும் தயாராகவில்லை என்பார்கள். கருவியே வேண்டாம் என்பவருக்கும் இவருக்கும் வேறுபாடு குறைவு. இருவருமே தன் கையைப் பார்ப்பதில்லை. மாற்றவேண்டிய விசைகள் ஐந்தோ ஆறோதான். அவை எவை என்பதை ஒரு வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுத்தாளில் கோடு கிழித்து எண்ணினால் தெரிந்துவிடும். எங்களில் ஒருவருக்கு அடுத்தடுத்த சொற்களை இடம் மாற்றுவதே அதிகம் வந்தது (ஈமாக்ஸில் ஆல்ட்-டீ ஏற்கெனவே அதைச் செய்கிறது). வினை கடைசியில் வரும் மொழியில் ஒரு தொடரைக் காற்புள்ளியோடு பெயர்த்து முன்னால் கொண்டுபோவதே இன்னொருவருக்கு மிகுதி. பிரித்து எழுதியதைச் சேர்ப்பதும் சேர்த்ததைப் பிரிப்பதும் வேறொருவரின் நோய். ஒருவர் பட்டியல் இன்னொருவருக்கு உதவாது.

விம் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு விம்மின் கட்டளை நிலையில் நின்றால், வரியை அழிக்க டி எழுத்தை இருமுறை தட்டும்போது அங்கே போய்ச் சேருவது டி அன்று, ஏதோ ஒரு தமிழ் எழுத்து. விம் விழிக்கும். தமிழில் எழுதப் போய் முதல் நாளே பலர் விம்மைக் கைவிட்டது இதனால்தான். தீர்வு வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது: விம்முக்கே உரிய விசைவரைபட வசதியைக் கொண்டு தமிழை அதற்குள் அமைத்துக்கொண்டால், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளை நிலையில் எழுத்துகள் தம் பழைய பொருளிலேயே இருக்கும். ஈமாக்ஸில் கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தி உள்ளமைந்த தமிழ் உள்ளீட்டு முறைக்குப் போவதும் வருவதும் இதே போன்றது. இந்த ஓர் ஏற்பாட்டைச் செய்யாமல் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம்.

உலாவிக்குள் எழுதும் பக்கங்கள் பெருகிவிட்ட இந்நாளில் இவையெல்லாம் மெல்லப் பொருளிழந்து வருவதையும் பார்க்கிறோம். அங்கே பெரும்பாலும் விசையை மாற்ற இடமே வைப்பதில்லை. கைப்பேசியில் கேட்கவே வேண்டாம். கட்டுரையை இங்கே ஒட்டுங்கள் என்று ஒரு பெட்டியைக் காட்டும் இதழ்களைக் குறை சொல்ல முடியாது. அதற்குள்ளேயே உட்கார்ந்து நாவலை எழுதித் திருத்த வேண்டும் என்று எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. உரைத்தொகுப்பானில் எழுதி முடித்து, கடைசியில் அங்கே கொண்டுபோய் ஒட்டலாம். அந்த ஒட்டுக்கு டெஸ்லரின் வி போதும்.

கேப்ஸ் லாக் விசையைப் பற்றி எங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ஏ-க்குப் பக்கத்தில், இடது சுண்டுவிரலின் காலடியில், விசைப்பலகையின் மிக வளமான மனையில், தமிழில் மட்டும் எழுதுகிறவருக்கு ஒரு பயனும் இல்லாமல் பரந்து கிடக்கிறது அது. பில் ஜாயின் முனையத்தில் அந்த இடத்தில்தான் கண்ட்ரோல் இருந்தது. அதை மீண்டும் கண்ட்ரோலாக்க வேண்டும் என்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மேக் கணினியில் அமைப்புகளுக்குள்ளேயே அதற்கு வழியுண்டு, விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. மீதிப்பேர் அதை ஒற்று விசையாக்கிவிட்டார்கள். இரு தரப்பும் ஒருவர் கணினியில் ஒருவர் உட்கார்ந்து தடுமாறுவது வாடிக்கையாகிவிட்டது.